ஒற்றை ஃபோட்டானும் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலும்: கேள்வி-பதில்

இணையக் கேபிளில் ஒளி மங்கினால் பெருக்கி வைக்கிறார்களே, ஒளியின் மிகச் சிறிய அலகான ஃபோட்டானை ஒவ்வொன்றாக அனுப்பும் குவாண்டம் தொடர்பிலும் அதையே வைத்தால் என்ன?

கூடாது. பெருக்கி உள்ளே வந்த ஒளியைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, தன் பங்குக்குச் சில ஃபோட்டான்களையும் உமிழும். இணையத்தின் ஒளித்துடிப்பில் ஏராளமான ஃபோட்டான்கள் இருப்பதால் அங்கே அது பெரிதாகத் தெரியாது. இங்கோ துடிப்புக்கு ஒரு ஃபோட்டான்தான். அதே அலைநீளத்தில் இன்னொன்று கூடவே வந்தால் எது செய்தி, எது இரைச்சல் என்று பிரிக்கவே முடியாது. நல்ல பெருக்கியாகச் செய்தாலும் தப்ப முடியாது. பெருக்குவது என்றால் ஃபோட்டானை அதன் நிலையோடு நகலெடுப்பதுதான். தெரியாத குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க முடியாது என்று 1982-லேயே இயற்பியலாளர்கள் வூட்டர்ஸும் சூரெக்கும் நிறுவிவிட்டார்கள்.

அப்படியென்றால் ஃபோட்டானைத் தொடவே கூடாதா?

தாராளமாகத் தொடலாம். பாதையைத் திருப்பலாம், அலையின் கட்டத்தை (phase) மாற்றலாம், அலைநீளத்தைக்கூட மாற்றலாம். எண்ணிக்கையைக் கூட்டாதவரை, கொள்கையளவில் இரைச்சல் சேர வேண்டிய கட்டாயமே இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

தொல்லை நடைமுறையில் வருகிறது. ஒளியை ஒளியாலேயே கட்டுப்படுத்த வலுவான லேசர் ஒன்று வேண்டும். அதன் ஒளி கண்ணாடி இழைக்குள் ராமன் சிதறலால் வேறு அலைநீளங்களுக்குப் பரவி, நம் ஃபோட்டான் இருக்கும் இடத்திலும் விழும். 1928-ல் சி.வி. ராமன் கண்டறிந்த அதே சிதறல்தான். இது பெரும்பாலும் நீண்ட அலைநீளப் பக்கமாகவே பரவும். அதனால் சிக்னலைக் குறுகிய அலைநீளப் பக்கத்தில் வைப்பது நல்லது. அப்புறம்தான் வடிகட்டி. பலர் முதலில் வடிகட்டியைத் தேடுகிறார்கள். அது சிக்னலிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இணையமும் குவாண்டம் சிக்னலும் ஒரே இழையில் போக முடியுமா?

முடியும். இணையத்தை 1550 நானோமீட்டர் பக்கமும் குவாண்டத்தை 1310 பக்கமும் வைப்பது ஒரு வழி. ஆனால் 1310-ல் இழப்பு அதிகம், குறைந்த தூரத்துக்கே சரிவரும்.

பெருக்கியும் இல்லையென்றால் எவ்வளவு தூரம் போகும்?

1550-ல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் இழப்பு. 100 கிலோமீட்டரில் நூறு ஃபோட்டானுக்கு ஒன்றுதான் மிஞ்சும். தொலைவில் உள்ள துகள்களின் நிலைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குவாண்டம் பின்னலை (entanglement) கண்ணி கண்ணியாக நீட்டும் ரிப்பீட்டர் யோசனை 1998-ல் வந்தது. அதற்கு ஃபோட்டானின் நிலையைக் கெடுக்காமல் தேக்கி வைக்கும் நினைவகம் வேண்டும். அந்த நினைவகத்தையும் பெரும்பாலும் லேசர்தான் இயக்குகிறது, ஆகவே மேலே சொன்ன இரைச்சல் சண்டை அங்கேயும் உண்டு.