ஜப்பானியர்கள் ஏன் விலை உயர்ந்த ஹார்ட் சூட்கேஸை விரும்புகிறார்கள்? நீங்களும் அதையே வாங்க வேண்டுமா?

கேள்வி: ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நகோயாவிலிருந்து எங்களிடம் வரும் ஜப்பானியப் பொறியாளர்கள் பெரும்பாலும் அலுமினியத்திலோ பளபளப்பான பிளாஸ்டிக்கிலோ ஆன, கெட்டியான, விலை உயர்ந்த சூட்கேஸ்களையே கொண்டு வருகிறார்கள். ஓராண்டுப் பயிற்சிக்காக நான் விரைவில் நகோயா செல்லவிருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய துணி சூட்கேஸ்தான். அவர்கள் அப்படிப்பட்ட பெட்டிகளை விரும்புவதற்குக் காரணம் என்ன? நானும் அதிகப் பணம் போட்டு அப்படி ஒன்றை வாங்குவது அவசியமா?

பதில்: உங்கள் கேள்வியின் பின்பாதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அலுமினியப் பெட்டி உங்களுக்கு வேண்டாம். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன நடுத்தர விலைப் பெட்டி ஒன்று போதும். ஜப்பானியர்கள் அந்தப் பெட்டியில் எதற்காகப் பணம் போடுகிறார்கள் என்பது தெரிந்தால், இப்படிச் சொல்வதன் காரணம் உங்களுக்கே விளங்கும். பயணப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால், அவர்களுடைய பெட்டிகளை உள்ளும் புறமும் பார்த்திருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஜப்பானில் சாதாரணக் குடிமக்கள் சுற்றுலாவுக்காக வெளிநாடு செல்ல அனுமதி கிடைத்ததே 1964 ஏப்ரல் 1 அன்றுதான். அப்போதும் ஆண்டுக்கு ஒருமுறைதான் போகலாம். 500 டாலருக்கு மேல் கொண்டுசெல்ல முடியாது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பயணம் என்பது பல ஆண்டுகள் பணம் சேர்த்துச் செய்யும் காரியமாக இருந்ததால், அதற்கென்று வாங்கும் பெட்டியையும் வீட்டுக்கு ஒரு பீரோ வாங்குவதுபோல நீண்ட கால உடைமையாகவே எண்ணி வாங்கினார்கள். ஒசாகாவில் தொடங்கப்பட்ட ஏஸ் நிறுவனம், அமெரிக்காவின் சாம்சனைட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கெட்டியான சூட்கேஸ்களை ஜப்பானிலேயே தயாரித்து விற்றது. 1985க்குப் பிறகு யென்னின் மதிப்பு உயர்ந்து, 1990இல் வெளிநாடு சென்றவர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டபோது, பயணப் பெட்டி என்றாலே கெட்டியான பெட்டிதான் என்ற எண்ணம் ஒரு தலைமுறையின் மனத்தில் ஊன்றிவிட்டிருந்தது. சாம்சனைட் ஒப்பந்தம் முடிந்த பிறகு ஏஸ் தொடங்கிய புரோடெக்கா பெட்டிகள், ஹொக்கைடோவில் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்த அகாபிராவில் இன்றும் தயாராகின்றன.

ஆனால் பழக்கம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அது அந்தத் தலைமுறையோடு போயிருக்கும். என் பார்வையில் முக்கியமான காரணம் பெட்டிக்குள் இருக்கிறது. பயணம் போனவர் அலுவலகத்துக்கும் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொண்டுவந்து கொடுக்கும் பொருளை ஜப்பானியர்கள் ஒமியாகே என்கிறார்கள். அது பெரும்பாலும் தின்பண்டமாக இருக்கும். மெல்லிய அட்டைப்பெட்டியில் ஒவ்வொரு துண்டும் தனித்தனி உறையில் அடுக்கப்பட்டு, மேலே தாள் சுற்றப்பட்டிருக்கும். ஹவாயிலிருந்து மக்கடேமியா கொட்டை சாக்லேட் வாங்கி வருவது இவ்வகையில் மிகப் பழைய வழக்கம். அந்த அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தால், உள்ளே இருக்கும் சாக்லேட்டுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், அதை மேலதிகாரியிடம் நீட்டக் கொடுப்பவருக்குக் கை கூசும். விமானத்தின் சரக்கறையில் துணி சூட்கேஸின் மீது வேறு நான்கு பெட்டிகள் ஏறி உட்காரும்போது துணி உள்வாங்கும்; அந்தப் பெட்டிகளின் பாரம் முழுவதும் உள்ளே இருக்கும் பொருளின் மீதே இறங்கும். கெட்டி ஓடு அந்தப் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது. துணிமணிகளை மட்டும் கொண்டுசெல்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

இரண்டாவது காரணம், அங்கே பெட்டி பல நேரங்களில் உரிமையாளரோடு பயணம் செய்வதே இல்லை. கறுப்புப் பூனைச் சின்னம் கொண்ட யமாதோ நிறுவனம் 1976இல் தொடங்கிய தக்யூபின் என்ற வீட்டுக்கு வீடு சரக்குச் சேவை, இன்று விமான நிலையங்களிலும் விடுதிகளிலும் சிறு கடைகளிலும் கிடைக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏறிவிடலாம். பெரும்பாலும் மறுநாள் பெட்டி வீடு வந்து சேரும். வாகனத்தில் மற்றச் சரக்குகளோடு சேர்த்து அடுக்கப்படும் பெட்டி, தன் வடிவத்தைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜப்பானிய ரயில் நிலையங்களின் தளம் வழவழப்பானது. நடைபாதைகளும் பெரும்பாலும் சீரானவை. அப்படிப்பட்ட தளத்தில்தான் எந்தப் பக்கமும் திரும்பும் நான்கு சக்கரப் பெட்டி தன் முழுப் பயனைத் தரும். அதே சமயம், விடியற்காலையில் குடியிருப்புத் தெருவில் கடகடவென்று சத்தமெழுப்பி இழுத்துச் செல்வதை அங்கே பெரும் அநாகரிகமாகக் கருதுகிறார்கள். ஆகவே சத்தமில்லாத சக்கரத்துக்கென்றே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஹினோமோட்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சக்கரங்கள் இதில் பெயர்பெற்றவை. ஓடும் ரயிலில் பெட்டி தானாக உருண்டு போகாதபடி சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பொத்தான் உள்ள பெட்டிகளும் அங்கே உண்டு. என் மேசைக்கு வந்த ஒரு பெட்டியில் அந்தப் பொத்தானின் எழுத்துகள் விரல் பட்டுப் பட்டே அழிந்திருந்தன. ஓட்டில் கீறல்கள் இருந்தபோதிலும், சக்கரத்தின் அச்சில் ஒரு தலைமுடிகூடச் சிக்கியிருக்கவில்லை. தெருவில் உருண்ட சக்கரத்தைத் துடைக்காமல் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று நினைப்பவரின் பெட்டி அது. தாதாமி பாய் விரித்த அறையில் பெட்டியை உருட்டக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். துடைத்தால் சுத்தமாகிவிடும் என்பதும் கெட்டி ஓட்டுக்குச் சாதகமான ஒரு சிறிய காரணம்தான். துணியில் ஏறிய அழுக்கு எளிதில் போகாது.

அப்படியென்றால் அலுமினியத்துக்கு ஏன் அவ்வளவு விலை? 1898இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கப்பட்ட ரிமோவாவின் வரியோடிய அலுமினியப் பெட்டி, பழைய ஜங்கர்ஸ் விமானங்களின் உடலைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது. அதற்கு அந்தஸ்துச் சின்னம் என்ற மதிப்பும் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஜப்பானில் அது விரும்பப்படுவதற்கு, ஜிப்புக்குப் பதிலாகப் பூட்டால் மூடும் சட்டகமும், சக்கரம், கைப்பிடி, பூட்டு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கழற்றி மாற்றும் வசதியும் பெரிய காரணங்கள் என்றே நான் கருதுகிறேன். ஜிப்பை ஒரு பேனா முனையால் குத்திப் பிளந்துவிட்டு, இழுப்பானை ஓட்டி மறுபடி மூடிவிடலாம். திறந்த அடையாளமே தெரியாது. சட்டகப் பெட்டியில் அது நடக்காது; மழை நீரும் எளிதில் உள்ளே புகாது. இருந்தாலும் இன்று ஜப்பானிலும் எடை குறைவு என்பதற்காக ஜிப் வைத்த பாலிகார்பனேட் பெட்டியை வாங்குபவர்கள் ஏராளம். வீட்டில் வைக்க இடமில்லை என்று பெரிய சூட்கேஸை வாடகைக்கு எடுப்பவர்களும் உண்டு. உங்கள் தொழிற்சாலைக்கு வருபவர்கள் அடிக்கடி பயணம் செய்பவர்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் நிலைக்கு வருவோம். பெரிய அலுமினியப் பெட்டி காலியாக இருக்கும்போதே ஆறு கிலோவைத் தாண்டும். உங்கள் பயணச்சீட்டில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்றிருந்தால், அதில் கால்பங்கு வெறும் ஓட்டுக்கே போய்விடும். பாலிகார்பனேட் பெட்டியில் ஒன்றரை கிலோவாவது மிச்சமாகும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சக்கரத்தோடு சேர்த்து அளந்தால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பல விமான நிறுவனங்களின் வரம்பு அதுதான். டோக்கியோவில் இறங்கி ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நகோயா போவதாக இருந்தால், கூட்டளவு 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதற்கென ஒதுக்கிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2020 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

கடையில் பெட்டியை மூடி வைத்து, அகலமான பக்கத்தின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஓடு சற்று உள்வாங்கி, கையை எடுத்தவுடன் நிமிர வேண்டும். நல்ல பாலிகார்பனேட்டின் இயல்பு அது. விலை மலிவான ஏபிஎஸ் பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும். அடிபட்டால் மூலையில் விரிசல் விடும். பிறகு உள்துணியில் இருக்கும் ஜிப்பைத் திறந்து சக்கரம் பொருத்தப்பட்ட இடத்தைப் பாருங்கள். அங்கே திருகாணி தெரிந்தால் பின்னால் சக்கரத்தை மாற்றுவது எளிது; ரிவெட் அடித்திருந்தால் அதைத் துளைத்து எடுக்க வேண்டியிருக்கும். இழுக்கும் கைப்பிடியை முழுவதும் உயர்த்தி ஆட்டியும் பாருங்கள். இவற்றையெல்லாம் பார்க்காமல் நிறத்தையும் பளபளப்பையும் மட்டும் பார்த்து வாங்கியவர்களின் பெட்டிகள்தான் என்னிடம் சீக்கிரம் வந்து சேர்கின்றன. ஓசூர் பேருந்து நிலையத்தின் குண்டும் குழியுமான பகுதிகளில் நான்கு சக்கரத்தையும் தரையில் வைத்துத் தள்ளாதீர்கள். பெட்டியைச் சாய்த்து இரண்டு சக்கரத்தில் இழுங்கள், அல்லது தூக்கிவிடுங்கள்.

அலுமினியப் பெட்டி மீது உங்களுக்கு உண்மையான ஆசை இருந்தால், அதைத் திரும்பி வரும்போது ஜப்பானிலேயே வாங்கலாம். செகண்ட் ஸ்ட்ரீட், ஆஃப் ஹவுஸ் போன்ற பழைய பொருள் கடைகளில் நன்றாகப் பராமரிக்கப்பட்ட பெட்டிகள் கிடைக்கும். வாங்குமுன் சக்கரத்தின் வெளிப்புறத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மிருதுவான சக்கரங்கள் பலவற்றில் இருக்கும் பாலியூரித்தேன், பெட்டி பயன்படாமல் கிடந்தாலும் காற்றின் ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் சிதைந்துகொண்டே வரும். பார்வைக்குப் புதிதாக இருக்கும் சக்கரம் விமான நிலையத்தில் நூறு அடி உருண்டவுடன் பொடிப்பொடியாக உதிர்வதும் உண்டு. நகம் பதிந்து பிசுபிசுத்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், சக்கரம் மாற்றும் செலவையும் சேர்த்துப் பார்த்து விலையை முடிவு செய்யுங்கள்.