மர ஆப்பும் கொல்லன் கரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜனவரியில் எகிப்து செல்கிறேன். ஹுர்கடாவில் தங்கி, மான்ஸ் கிளாடியானஸ் ரோமானியக் கல்குவாரியைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே எதைக் கவனிக்க வேண்டும்? துளைகளில் மர ஆப்பை அடித்துத் தண்ணீர் ஊற்றியே மலையைப் பிளந்தார்கள் என்று ஒரு காணொளியில் கண்டு வியந்துபோனேன். சவுக்கடி பட்ட அடிமைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அடிமைகள் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தக் குவாரியின் குப்பைமேடுகளில் 9000-க்கும் மேற்பட்ட எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் கூலிக்கணக்கும் இருக்கிறது. எகிப்தியக் கைவினைஞருக்கு மாதம் 47 திராக்மா, கூடவே கோதுமை. அன்றைய நைல் கரைக் கூலியைவிட இது நிறையவே அதிகம். மிளகுகூடக் கிடைத்திருக்கிறது, நம் சேரநாட்டு மலைச்சரக்கு. அதே மலைத்தொடரின் பொற்சுரங்கங்கள் வேறு கதை. அங்கே கைதிகள் வதைபட்டதைப் பழைய கிரேக்க எழுத்தாளர் அகதார்கிடஸ் எழுதியிருக்கிறார். உங்கள் மனம் அங்கே கனக்கட்டும்.

ஆனால் அந்த மர ஆப்பு! பள்ளிப் புத்தகத்திலிருந்து காணொளிவரை எல்லாரும் இதையே ஒப்பிக்கிறார்கள். நீங்களுமா? போகிற இடம் எது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாமே.

நிலம் பிளந்து செங்கடல் உருவானபோது அதன் கரையோரம் உயர்ந்தெழுந்த மிகப் பழைய பாறைத்தொடர் அது. உச்சி 2187 மீட்டர். மழை எப்போதாவதுதான், வந்தால் வெள்ளமாக வரும். மற்ற நாளெல்லாம் வறண்ட ஓடைகளின் சரளைக்கடியில் கிணறு தோண்டி எடுத்ததுதான் தண்ணீர். கி.பி. 110-ஐ ஒட்டிய ஓர் ஓட்டில் ஏறத்தாழ 900 பேருக்குத் தண்ணீர் பங்கிட்ட பட்டியலே இருக்கிறது. ஆளுக்கு அளந்து கொடுத்த தண்ணீரை வெயிலில் காயும் துளையில் ஊற்றுவார்களா?

துளையின் வடிவமும் அதற்கு இடம்தராது. வாய் அகன்று அடி குறுகி, பக்கங்கள் வழவழவென்று இருக்கும். மரம் ஊறிப் பெருத்தாலும் பாறையைத் தள்ளாது, வழுக்கி மேலே வந்துவிடும். அங்கே வேலை செய்தது இரும்பு ஆப்பு. கோடு போட்டு வரிசையாகத் துளை வெட்ட வேண்டும். ஆப்பை இறக்கி, ஒன்றையே ஓங்கி அடிக்காமல் வரிசையில் ஒவ்வொன்றாக, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். ஒலி மாறுவதைக் காது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஆப்பு மட்டும் முந்தினால் விரிசல் கோட்டை விட்டு விலகும், கல் வீண். நம்மூர் கருங்கல் உடைப்பவரைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

உண்மையான நெருக்கடி கொல்லன் பட்டறையில் இருந்தது. அந்தக் கல்லிலுள்ள குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் உளிவாயைச் சீக்கிரமே மழுக்கிவிடும். மறுபடி காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் போட வேண்டும், அதாவது பழுத்த முனையைத் தண்ணீரில் அமிழ்த்திக் கெட்டிப்படுத்த வேண்டும். தோய்ச்சல் மிஞ்சினால் முனை தெறிக்கும், குறைந்தால் மடங்கும். அதற்குக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். அந்த மலையில் அவ்வளவு மரம் ஏது? உணவும் இரும்பும் 120 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நைல் கரையிலிருந்து விலங்குகளின் முதுகில் வந்தவை. ரோமின் பாந்தியன் கோயில் முகப்பிலுள்ள சாம்பல்நிறத் தூண்கள் இங்கே வெட்டியவை, ஒவ்வொன்றும் 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவற்றைப் பார்த்து எல்லாரும் கல்லின் எடையைச் சொல்லி வாய்பிளக்கிறார்கள். கரியையும் தீவனத்தையும் யாரும் கணக்கெடுப்பதில்லை. கி.பி. 118-ஐ ஒட்டிய ஒரு பாப்பிரஸ் (நாணல்தாள்) கடிதத்தில் ஓர் அதிகாரி கெஞ்சுகிறார்: 50 அடித் தூணை இறக்க நிறைய விலங்குகளை வைத்திருக்கிறோம், வாற்கோதுமை தீரப்போகிறது, சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள் கேள்வி என்ன? ஆமாம், எதைக் கவனிப்பது. ஏறத்தாழ 200 டன் தூண் ஒன்று உடைந்து அங்கேயே கிடக்கிறது, எல்லாரும் அதன்முன் படமெடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். அப்புறம் பாதி வெட்டி விட்ட பாறையைத் தேடி, துளைக்குள் விரலை விட்டுப் பக்கங்களைத் தடவிப் பாருங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுத்துண்டு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அது குற்றம்.