வீட்டை இப்போதே மகன் பெயருக்கு எழுதிவிடலாமா?

கேள்வி: ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். 24 வருட சர்வீஸ். இன்னும் சில மாதங்களில் 58 வயது முடிந்து ஓய்வு. பி.எஃப். 22 லட்சமும் கிராஜுவிட்டி நாலரை லட்சமும் வரும். பேங்கில் டெபாசிட் 4 லட்சம். பென்ஷன் மாதம் 4,000 ரூபாய் போல வரும் என்கிறார்கள். 2004-ல் நானே சம்பாதித்து வாங்கிய மனையில் கட்டிய வீடு என் பெயரில் இருக்கிறது. மனைவிக்கு 53 வயது, வேலைக்குப் போகவில்லை. என் அம்மாவும் எங்களோடுதான். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். கோவையில் வேலை பார்க்கும் மகன், மாடி கட்டக் கடன் வாங்க வேண்டும், வீட்டைத் தன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுங்கள் என்கிறான். பி.எஃப். பணத்தில் 10 லட்சமும் கேட்கிறான். ‘தங்கச்சிக்குத்தான் நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சே’ என்பது அவன் வாதம். ‘எல்லாத்துக்கும் நாமினி போட்டிருக்கு, உயில் எதற்கு?’ என்கிறார் மனைவி. மாதச் செலவு 20,000 ரூபாய். என்ன செய்வது?

பதில்: செட்டில்மெண்ட் வேண்டாம். 10 லட்சமும் வேண்டாம். உயில் மட்டும் தள்ளிப்போடாமல் எழுதுங்கள்.

உங்கள் மகன் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. மாடி கட்ட ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஆனால் செட்டில்மெண்ட் பத்திரம் பதிவான அன்றே வீடு அவருடையது. பிறகு மனம் மாறினாலும் நீங்களாக ரத்து செய்ய முடியாது. உயில் அப்படியில்லை, நீங்கள் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

இன்னொன்று, சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். வீடு மகன் பெயரில் இருக்கும்போது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அவர் மனைவி, பிள்ளைகள், அம்மா ஆகியோருக்குப் போகும். முதல் வகுப்பு வாரிசுகளில் தாய் உண்டு, தகப்பன் இல்லை. கல் கல்லாக வைத்துக் கட்டிய உங்களுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை என்றாகிவிடும்.

இதையும் மீறி எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், நீங்களும் மனைவியும் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வார்த்தையாக அதில் இருக்கட்டும். பராமரிக்காவிட்டால், 2007-ம் வருடத்து பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாத பத்திரங்களில்தான் வழக்கு இழுபடுகிறது.

இனி நாமினி. உங்கள் மனைவி நினைப்பதைத்தான் என்னிடம் வருகிற பாதிப்பேர் நினைக்கிறார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்; உரிமையாளர் அல்ல. பங்கு முதலீடுகளுக்கும் இதுதான் விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-க்குப் பிறகு ஒரு விலக்கு: மனைவி, கணவன், பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே. வீட்டுக்கோ நாமினி என்ற பேச்சே கிடையாது.

உயில் இல்லாமல் நீங்கள் போய்விட்டால் வீடு யாருக்கு? மனைவிக்கு முழுவதும் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. மனைவி, மகன், மகள், உங்கள் அம்மா என்று நான்கு சம பங்கு. அம்மாவின் கால்பங்கு, அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் எல்லோருக்கும் போகும். அதாவது உங்கள் தம்பி, தங்கை, அக்கா யார் இருந்தாலும் உங்கள் வீட்டில் பங்காளி. பிறகு உங்கள் மனைவி வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ இத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ராஜபாளையத்தில் ஒருவர், துபாயில் ஒருவர் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அதனால் உயிலில் வீட்டை மனைவிக்கு முழு உரிமையோடு எழுதுங்கள். ‘ஆயுள்வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு’ என்று எழுதுவது வழக்கம்தான். எனக்கு அதில் சம்மதமில்லை. நாளைக்கு மருத்துவச் செலவுக்கு அந்த அம்மா வீட்டை விற்க நினைத்தாலும் முடியாது. மனைவி உங்களுக்கு முன் காலமானால் யாருக்கு என்று ஒரு வரியும் வேண்டும். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதுங்கள்.

மகள் விஷயம். நகையும் சீரும் போட்டது சொத்தில் பங்கு கொடுத்ததாக ஆகாது, சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் இது உங்கள் சுயசம்பாத்தியம்; மகனுக்கு அதிகம் என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படி எழுதினால் காரணத்தையும் உயிலிலேயே சொல்லிவிடுங்கள். மகளிடம் இப்போதே நேரில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்து பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். உங்களைவிட வயதில் சிறியவர்களாகப் பாருங்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். ‘கையெழுத்து அப்பாவோடது இல்ல’ என்ற பேச்சு பெரும்பாலும் அதோடு அடங்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். மொத்தம் 30.5 லட்சம். இதில் 20 லட்சத்தை தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். அதற்கு 60 வயது ஆகவேண்டும் என்றாலும், 55 தாண்டி ஓய்வு பெறுகிறவர்கள் ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் சேரலாம். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். இப்போதைய வட்டி 8.2 சதவீதம், காலாண்டுக்கு 41,000 ரூபாய், மாதக் கணக்கில் 13,666. மனைவியை இணைக் கணக்குதாரராகச் சேருங்கள். 4 லட்சத்தை இருவர் பெயரிலும் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் போட்டால், 7.4 சதவீதத்தில் மாதம் 2,466. பென்ஷன் 4,000-ஐயும் சேர்த்தால் 20,132 ரூபாய். இப்போதைய செலவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி சரியாக இருக்கிறது. மகனுக்கு 10 லட்சம் கொடுத்தால் இந்தச் சட்டை கிழிகிறது, அவ்வளவுதான் கணக்கு.

மீதி ஆறரை லட்சத்தில் இரண்டரை லட்சம் அவசரத்துக்கு பேங்கிலேயே இருக்கட்டும். 4 லட்சத்தை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (நாட்டின் 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) போட்டு ஏழெட்டு வருடம் தொடாதீர்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினாலே 12 வருடத்தில் இந்த 20,000 ரூபாய் செலவு 40,000 ஆகிவிடும். வட்டி அப்படி ஏறாது. இந்த 4 லட்சம் ஏறும் இறங்கும், அதைப் பார்த்துப் பதறுகிற ஆள் நீங்கள் என்றால் இதையும் டெபாசிட்டிலேயே வையுங்கள்.

உங்களுக்குப் பிறகு மனைவிக்கு பி.எஃப். பென்ஷனில் பாதிதான், அதாவது மாதம் 2,000 ரூபாய்தான் வரும். வீடும் டெபாசிட்டும் அவர் கையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மகனுக்கு என்ன சொல்வது? நீங்கள் உரிமையாளராக இருந்துகொண்டே இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்டால் கடன் தருகிற வங்கிகள் உண்டு. ஆனால் தவணை நின்றால் ஏலத்துக்கு வருவது நீங்கள் குடியிருக்கிற வீடு. அவர் சம்பளத்தில் தவணை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மறுத்துவிடுங்கள். மாடியை இரண்டு வருடம் கழித்தும் கட்டலாம்.

மில்லிலிருந்து வெளியே வருவதற்குள் பி.எஃப். இணையதளத்தில் நாமினி யார் என்று பாருங்கள், பேங்க் டெபாசிட்டிலும் பாருங்கள். இறந்துபோன அப்பா பெயரே இன்னும் நாமினியாக இருக்கிற பாஸ்புக்கை நான் மாதம் ஒன்றாவது பார்க்கிறேன்.