கேடி பதில்கள்: எழும்பாத பந்தும் தடித்த மட்டையும்

கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ தொங்கும் ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கோல்ஃப் ஆடுபவர்களுக்குப் பை தூக்கும் கேடி. 1980-களில், கிண்டியில் குதிரை ஓடும் வட்டத்துக்குள்ளேயே இருந்த மைதானத்தில் 14 வயதில் பை தூக்க ஆரம்பித்தவன் நான். இப்போது வேளச்சேரியில் ஒரு மேஜை, ஒரு வைஸ், ஒரு ஹீட் கன். மட்டையின் கைப்பிடியான கிரிப் மாற்றுகிறேன், தண்டான சாஃப்ட் மாற்றுகிறேன், காலையில் பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: அயர்னில், அதாவது இரும்புத் தலையில் நம்பர் போட்ட மட்டையில், அடித்தால் பந்து மேலே போவதில்லை.

கேள்வி: எனக்கு 64 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோல்ஃப் பிடித்துக்கொண்டது. மூன்று வருடம் ஆகிறது. முதல் அடிக்கு எடுக்கும் நீள மட்டையான டிரைவர் ஓரளவு போகிறது. 7-ஆம் நம்பர் அயர்னில் பந்து இடுப்பு உயரத்தில் பறந்து, குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் நிற்காமல் தாண்டி ஓடிவிடுகிறது. 5-ஆம் நம்பரைப் பையிலிருந்து எடுக்கவே பயமுங்க. அமெரிக்காவில் இருக்கும் பையன், ஹைப்ரிட் என்கிற புடைத்த தலைக் கலப்பு மட்டை மாதிரி முதுகு தடித்த அயர்ன் செட் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறான். கூட ஆடுகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு ‘பருப்பு மத்து’ என்று கேலி செய்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: வாங்கலாம் சார். ஆனால் பையனுக்குச் சொல்வதற்கு முன்னால் ஐந்து ரூபாய் செலவில்லாமல் ஒரு வேலை செய்யுங்கள்.

பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதும் மார்க்கர் பேனா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பந்தின் பின்பக்கம், மட்டை வந்து மோதும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு புள்ளி வையுங்கள். 7-ஆம் நம்பரில் அடியுங்கள். புள்ளி அப்படியே மட்டையின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் துடைத்துவிட்டு அடுத்த பந்து. இப்படிப் பத்துப் பந்து.

போன மாதம் உங்கள் வயதுக்காரர் ஒருவரின் 7-ஆம் நம்பர் என் மேஜைக்கு வந்தது. கிரிப் மாற்றத்தான் கொடுத்தார். முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீழே இருக்கும் இரண்டு கோடுகளில் மட்டும் பூச்சு மங்கித் தேய்ந்திருந்தது. நடுப்பகுதி, கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு இருந்த அதே பளபளப்பு. நன்றாக ஆடுகிறவர் மட்டையில் நேர் எதிராக, நடுவில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு வட்டமாகத் தேய்ந்து கிடக்கும். ஆளைப் பார்க்காமலேயே ஆட்டத்தைச் சொல்லிவிடலாம்.

உங்கள் புள்ளிகளும் அந்தக் கீழ்க் கோடுகளிலேயே விழுந்தால், காரணம் பெரும்பாலும் நீங்கள் பந்தைத் தூக்கிவிடப் பார்ப்பதுதான். பந்து எழும்பவில்லையே என்று உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது, கனம் வலது காலிலேயே தங்கிவிடுகிறது. (இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.) மட்டை பந்துக்கு முன்பே தன் சுழற்சியின் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறும் வழியில் பந்தின் வயிற்றில் இடிக்கிறது. பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டர், அதில் பாதி உயரத்தில் மட்டையின் கீழ் விளிம்பு பட்டால் அது எப்படி எழும்பும்? தூக்கத் தூக்கத் தாழ்ந்து போகும். இதற்கு மருந்து ஒரு துண்டு. நாலாக மடித்துப் பந்துக்கு ஒரு சாண் பின்னால் போடுங்கள். துண்டில் படாமல் பந்தை அடிக்கப் பழகுங்கள். அடித்து முடித்ததும் வலது குதிகால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். இன்னும் அங்கேயே ஊன்றிக்கொண்டு நின்றால் மட்டை எதுவானாலும் கதை அதேதான்.

புள்ளி நடுவில்தான் விழுகிறது, ஆனாலும் பந்து தாழ்ந்தே போகிறதா? அப்போது வேகம் போதவில்லை, இல்லையென்றால் மட்டை உங்களுக்கு ஒத்துவரவில்லை. உங்கள் பையன் சொல்லும் செட் இந்த இடத்தில் உண்மையாகவே உதவும்.

அந்த மட்டைகளின் சூட்சுமம் பெரிய ரகசியம் இல்லை. உள்ளே வெற்று. பின்பக்கம் புடைத்திருக்கும், அடிப்பாகம் அகலம். முகத் தகடு மெலிசு, கனமெல்லாம் கீழேயும் பின்னாலேயும் போய் உட்கார்ந்திருக்கும். கனம் கீழே இருப்பதால் கொஞ்சம் தாழ்வாகப் பட்டாலும் பந்து கிளம்பிவிடுகிறது. கனம் பின்னால் இருப்பதால், மோதும் சமயத்தில் சாஃப்ட் லேசாக வளைந்து மட்டையின் முகம் இன்னும் கொஞ்சம் வானத்தைப் பார்க்கும். அகல அடிப்பாகம் என்ன செய்யும் என்றால், பந்துக்கு அரை அங்குலம் பின்னால் தரையில் பட்டாலும் மண்வெட்டி மாதிரி இறங்காமல் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைச் சேரும். கத்தி போல மெல்லிய பழைய அயர்னில் அதே தப்பைச் செய்தால் ஒரு பிடி மண் பறக்கும், பந்து அங்கேயே இருக்கும். அந்த மண்ணைப் பொறுக்கி வந்து குழியை மூடுவது கேடி வேலை. அதனால் இந்த மட்டைகள் மேல் எனக்குத் தனிப் பாசமே உண்டு.

இந்த ரகத்தில் மூன்று சொல்கிறேன். கிளீவ்லேண்ட் லாஞ்சர் எச்பி வரிசையில் முதுகில் ஹைப்ரிட் மாதிரியே படி இறங்கியிருக்கும். கோப்ரா டி-ரெயிலில் அடியில் தண்டவாளம் போல இரண்டு வரம்பு. வில்சன் லாஞ்ச் பேடில் நீள அயர்ன்களுக்கு அடி ரொம்ப அகலம், கிட்டத்து அடிக்கான வெட்ஜ் பக்கம் வர வரக் குறுகும். எனக்குப் பிடித்த யோசனை இந்த மூன்றாவதுதான். உதவி எங்கே தேவையோ அங்கே அதிகம்.

ஒரு இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அடியில் 7 என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். நான் பை தூக்கிய காலத்தில் 7-ஆம் நம்பரின் லாஃப்ட், அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், 34, 35 டிகிரி. இன்றைக்கு இந்த மாதிரி செட்களில் 28, 29, 30 என்று வருகிறது. நம்பர் குறையக் குறைய லாஃப்டும் குறையும், பழைய கணக்குப்படி அது 6, சிலதில் 5. தூரம் கூடுவதாக விளம்பரத்தில் சொல்வதில் பாதி இதுதான். கனத்தைக் கீழே இறக்கிப் பந்தை மேலே தூக்கிவிட்டு, லாஃப்டைக் குறைத்துத் திரும்பவும் கீழே அழுத்துகிறார்கள். வேகமாகச் சுழற்றுகிறவருக்கு இரண்டும் சரிக்குச் சரி. உங்களைப் போல நிதானமாகச் சுழற்றுகிறவருக்கு லாஃப்ட் கூடுதலாக இருப்பதே நல்லது. அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் டூரில் 7-ஆம் நம்பரை மணிக்கு சுமார் 90 மைல் வேகத்தில் அடிக்கிறார்கள், பந்து 16 டிகிரி ஒட்டிக் கிளம்புகிறது. பெண்கள் டூரில் வேகம் சுமார் 76 மைல், பந்து கிளம்புவது 19 டிகிரி ஒட்டி. வேகம் குறைந்தால் கோணம் கூட வேண்டும், அப்போதுதான் பந்து செங்குத்தாக இறங்கி கிரீனில் நிற்கும். டிவியில் ஆண்களைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள், பெண்கள் ஆட்டத்தைப் பாருங்கள். பையனிடம் லாஃப்ட் அட்டவணையை அனுப்பச் சொல்லி, 7-க்கு 30-க்குக் குறையாத செட்டாகத் தேடச் சொல்லுங்கள்.

அப்புறம் சாஃப்ட். இப்போது வைத்திருப்பது யாருடைய செட்? கடிதத்தில் சொல்லவில்லை. இந்த வயதில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில், மைத்துனர் கொடுத்தது, மேனேஜர் கொடுத்தது என்று 120 கிராமுக்கு மேல் எடையுள்ள விறைப்பான ஸ்டீல் சாஃப்ட் இருக்கும். அது இரும்புக் கம்பி. 50, 60 கிராம் கிராஃபைட் போட்டாலே சிலருக்குப் பந்து பனைமர உயரம் ஏறுகிறது, மட்டையை மாற்ற வேண்டிய அவசியமே இருப்பதில்லை.

மத்து என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் ஹேசல்டைனில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், கடைசிக் குழியில் 200 கெஜத்துக்கு மேலிருந்து தென்கொரியாவின் ஒய்.இ. யாங் ஹைப்ரிடை எடுத்துக் கொடிக்குப் பக்கத்தில் போட்டார். தோற்றவர் டைகர் உட்ஸ். அதற்கு முன்பு, கடைசி நாளை முன்னிலையில் தொடங்கிய எந்த மேஜரையும் (வருடத்தின் நாலு பெரிய போட்டிகளுக்கு அந்தப் பெயர்) டைகர் விட்டதில்லை. 2004-இல் ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூனில் டாட் ஹாமில்டன், கிரீனுக்கு வெளியிலிருந்து ஹைப்ரிடால் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டு எர்னி எல்ஸை வென்று பிரிட்டிஷ் ஓபன் கோப்பையைத் தூக்கினார். இதைச் சொல்லியும் சிரித்தால் ஒரு டீக்குப் பந்தயம் கட்டுங்கள்.

கேள்வி: 8, 9, வெட்ஜ் எல்லாம் நன்றாக வருகிறது. 5, 6 மட்டும்தான் பிரச்சினை. முழு செட்டையும் மாற்ற வேண்டுமா? (வாசகி, சென்னை)

பதில்: வேண்டாம் அம்மா. விற்கிறவர் முழு செட்தான் நல்லது என்பார், அது அவர் பிழைப்பு. 5, 6 இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஹைப்ரிட் போதும். நம்பரைப் பார்த்து வாங்காதீர்கள், லாஃப்டைப் பார்த்து வாங்குங்கள். உங்கள் 7 எத்தனை டிகிரி என்று தெரிந்துகொண்டு அதிலிருந்து நாலு நாலு டிகிரியாக இறங்குங்கள். ஹைப்ரிட் அதே நம்பர் அயர்னைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். முதல் ஒரு வாரம் பந்து இடது பக்கம் ஓடும், பயப்பட வேண்டாம். பந்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

முழு செட் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த செட்களில் பிட்சிங் வெட்ஜே 43, 44 டிகிரிக்கு வந்துவிடுகிறது. மணலிலிருந்து பந்தை எடுக்கும் உங்கள் சாண்ட் வெட்ஜ் பெரும்பாலும் 56. நடுவில் 12, 13 டிகிரி பள்ளம். 80 கெஜத்தில் நின்றுகொண்டு எதை எடுப்பது என்று பையைத் துழாவுவீர்கள். 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் சேர்த்துக்கொள்ளுங்கள். பையில் மொத்தம் 14 மட்டையைத் தாண்டக் கூடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: ஊட்டியில் ஆடினால் பந்து தூரம் போகும் என்கிறார்கள். எனக்கு அங்கே இன்னும் தாழ்வாகத்தான் போகிறது. பிரமையா? (வாசகர், மேட்டுப்பாளையம்)

பதில்: பிரமை இல்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். சமவெளியைவிடக் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றுதான் பந்தை இழுக்கிறது, அதே காற்றுதான் சுழலும் பந்தை மேலே ஏந்தியும் பிடிக்கிறது. இழுப்பு குறைந்தால் தூரம், ஏந்தல் குறைந்தால் உயரக் குறைவு. உயரமாக அடிப்பவருக்குத் தூரம்தான் தெரியும், உங்களுக்கு ஏந்தல் போனதுதான் தெரிகிறது. மலையில் ஆடும்போது ஒரு நம்பர் கூடுதல் லாஃப்ட் எடுங்கள். 6 எடுக்கும் இடத்தில் 7. மேடு பள்ளம் வேறு கணக்கு, அதற்கு அங்கே இருக்கும் கேடி சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: அகல அடிப்பாகம் உள்ள அயர்ன் வாங்கினேன். கார்த்திகையில் அருமையாக இருந்தது. மே மாதம் வந்ததும் பந்தின் தலையில் தட்டிக்கொண்டே இருக்கிறேன். (வாசகர், சென்னை)

பதில்: என் தலையெழுத்தும் இதேதான். நானே அப்படி ஒரு செட் கட்டி, கத்திரி வெயிலில் என்னிடம் படிக்கிற மூன்று பேர் முன்னால் ஆடிக் காட்டப் போனேன். புல் காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரி கிடந்தது. அகலமான அடி தரையில் பட்டு எகிறி, பந்தின் நெற்றியில் இடித்தது. பந்து புல்லை உரசிக்கொண்டு போய் எதிரே இருந்த மணல் குழியில், பங்கரில், விழுந்தது. மூவரும் மரியாதைக்குச் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

நனைந்த தரையில் அந்த அகலம் தெய்வம், காய்ந்த தரையில் எதிரி. சென்னை வெயிலில் பந்தைக் காலின் நடுவிலிருந்து ஒரு விரல் பின்னால் வையுங்கள், கைகள் பந்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும், முக்கால் ஸ்விங் போதும். கிரீனைச் சுற்றியும் பங்கரிலும் அந்த செட்டோடு வந்த தடித்த வெட்ஜை நான் எடுப்பதே இல்லை. அங்கே பழைய மெல்லிய சாண்ட் வெட்ஜ்தான்.

கேள்வி: பழைய அயர்னைக் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா? (பெயர், ஊர் இல்லாத அட்டை)

பதில்: எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் குறைந்த நீளத்துக்கு வெட்டிய அயர்னுக்காகக் காத்திருக்கிறார்கள். 7 இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள்.