மேசைப் பூ அலங்காரம் மறுநாளே வாடுவது ஏன்?

கேள்வி: எங்கள் தோட்டக் குழுவில் 12 பேருக்குப் பண்டிகை மேசை அலங்காரப் பயிற்சி நடத்தினோம். பச்சை ஃபோமில் (தண்ணீரை உறிஞ்சிவைத்துக் காம்புகளைத் தாங்கும் பஞ்சு போன்ற கட்டி) செருகிய பூக்கள் மறுநாள் மாலைக்குள் தலைசாய்ந்துவிட்டன. தட்டில் தண்ணீர் இருந்தது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் ஃபோமை நனைத்த விதத்தில்தான். அந்தக் கட்டி இன்னும் இருந்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே கரும்பச்சை, நடுவே வெளிர்பச்சை என்றால் நடுப்பகுதிக்குத் தண்ணீரே போகவில்லை. கையால் அமுக்கி முக்கினால் வெளிப்புறம் சட்டென நனைந்து, உள்ளிருக்கும் காற்று அடைபட்டுவிடும். காம்பு நுனி அந்த வறண்ட இடத்தில் நின்றால், தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

வாளி நிறையத் தண்ணீரில் கட்டியை மிதக்கவிட்டு, தொடாமல் இருங்கள். ஓரிரு நிமிடங்களில் அதுவே அமிழ்ந்து கரும்பச்சையாகும். குழாய்க்கு அடியில் பிடிக்கவே கூடாது. ஒருமுறை நனைந்து காய்ந்த ஃபோம் மறுபடி சரியாக நீர் உறிஞ்சாது என்பதால் பழைய கட்டிகளைச் சேர்த்துவைக்க வேண்டாம்.

அடுத்த சந்தேகம், காம்பை உருவி மறுபடி செருகுவது. புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். பாதி உருவினாலே நுனிக்குக் கீழே வெற்றிடம் விழுந்துவிடும், பூ நீர் இழுக்காது. மனம் மாறினால் முழுதாக எடுத்து, நுனியைக் கொஞ்சம் வெட்டி, புது இடத்தில் 3 செ.மீ. ஆழம் செருகச் சொல்லுங்கள். ஜெர்பெரா போன்ற மென்மையான காம்புகளுக்கு முதலில் பென்சிலால் துளை போடலாம்.

பூக்களை முந்தின நாள் மாலையே தயார்செய்ய வேண்டும். அடியில் 2 செ.மீ. சாய்வாக வெட்டி, நீருக்குள் வரும் இலைகளை உருவிவிட்டு, இரவு முழுக்க நிழலில் வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். இலை நீரில் அழுகினால் பாக்டீரியா பெருகிக் காம்பின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். டாஃபடில் இருந்தால் அதற்குத் தனி வாளி, அதன் சாறு மற்ற பூக்களைக் கெடுக்கும். பழுத்த பழங்கள் பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயுவில் கார்னேஷன் சீக்கிரமே சுருங்கிவிடும்.

12 பேருக்கு 23×11×8 செ.மீ. அளவில் 4 கட்டிகள் போதும், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஒருவருக்குப் பச்சிலைக் காம்பு 10, பெரிய பூ 5, சிறிய பூ 7 என்று கணக்கிட்டு, ஒடிவதற்காகச் சிறிது கூடுதலாக வாங்குங்கள். ஃபோம் தட்டின் விளிம்புக்கு மேல் 3 செ.மீ. நிற்கட்டும். அப்போதுதான் ஓர இலைகளைச் சற்றுக் கீழ்நோக்கிச் செருகித் தட்டை மறைக்க முடியும். விளிம்போடு சமமாக வெட்டினால் எல்லாக் காம்பும் விறைத்துக்கொண்டு மேலே பார்க்கும். தண்ணீர் ஊற்ற ஒரு மூலையில் இடைவெளி விடுங்கள். உயரத்துக்கு, முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்திப் பாருங்கள். அலங்காரம் அதைத் தாண்டினால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது.

ஃபோம் மக்காது, உதிர்ந்தால் நுண்ணெகிழித் தூள்தான். எங்கள் விருப்பம், கோழிவலையைப் பந்துபோலச் சுருட்டிக் கிண்ணத்துக்குள் வைப்பது. காம்பு நேராகத் தண்ணீரில் நிற்கும், உருவிச் செருகினாலும் கெடாது, வலையை அடுத்த ஆண்டும் எடுக்கலாம். விளிம்பில் டேப்பைக் குறுக்கே ஒட்டினால் வலை நகராது.

இரண்டு முறைக்குமே தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஃபோமுக்குக் காலை, மாலை இருவேளையும். நடுவே மெழுகுவத்தி வைத்தால் இலைகள் சுடருக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். இலை காயக் காய, தீப்பிடிக்கும் ஆபத்தும் கூடும்.