பெல்லாரி இரும்புத்தாது காலம்: கேட்டதும் சொன்னதும்

2004 முதல் 2011 வரை கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஹோஸ்பேட் பக்கம் ஒரு தாது யார்டில் கணக்கு எழுதினேன். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

திருச்சி மாணவி: பெல்லாரியில் இரும்புத்தாது எப்போதும் இருந்ததுதானே சார். திடீரென்று ஏன் அவ்வளவு பணம்?

சீனாதான் காரணம், அம்மா. அதுவரை லம்ப் எனும் கட்டித் தாதுக்குத்தான் விலை. ஃபைன்ஸ் எனும் தூளை மலையடிவாரத்தில் கழிவாகக் குவித்து வைத்திருந்தார்கள். சீனாவின் உருக்காலைகள் அந்தத் தூளையே கேட்டு வாங்க ஆரம்பித்ததும் குப்பைமேடெல்லாம் புதையலாகிவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 2003 மார்ச்சில், கர்நாடக அரசு ஒதுக்கி வைத்திருந்த 11,620 சதுர கிலோமீட்டரைத் தனியார் சுரங்கத்துக்குத் திறந்துவிட்டிருந்தது. பட்டா நிலத்தில் தோண்டவும் அனுமதி கிடைத்தது. நேற்று வரை நிலக்கடலை போட்டிருந்த காட்டில் இன்று பொக்லைன் நிற்கும்.

சேலம் ஆசிரியர்: அப்படியானால் அரசு கஜானாவும் நிரம்பியிருக்க வேண்டுமே?

அங்கேதான் கோளாறு. ராயல்டியை, அதாவது தோண்டும் தாதுக்காக அரசுக்குக் கட்டும் பங்கை, வசூலிப்பது மாநிலம், ஆனால் விகிதத்தை நிர்ணயிப்பது டெல்லி. அன்று அது டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக இருந்தது. எந்தத் தரமானாலும் 30 ரூபாயைத் தாண்டாது. 2008 தொடக்கத்தில் அதே டன் வெளிநாட்டில் 5,000 ரூபாய்க்கு மேல் போனது. சந்தை விலை பத்து மடங்கு ஏறினாலும் அரசுக்கு அதே சில்லறைதான். 2009 ஆகஸ்டில்தான் விலையில் 10 சதவீதம் என்று மாற்றினார்கள். அதற்குள் நல்ல வருஷங்கள் போய்விட்டன. திருட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சட்டப்படியே கைநழுவிய இந்தப் பணத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குற்றமாகப் படுகிறது.

நாமக்கல் லாரிக்காரர்: அண்ணே, ஓவர்லோடு எப்படி நடந்துச்சு? எங்க மாமா அங்கே வண்டி ஓட்டினார், வாயே திறக்க மாட்டேங்கிறார்.

திறக்க மாட்டார் தம்பி! பத்து சக்கர டிப்பருக்கு பர்மிட்டில் 16 டன். ஏற்றுவதோ 25, சில நாள் அதற்கும் மேல். எங்கள் யார்டில் எடை மேடைச் சீட்டு இரண்டு இருக்கும். வெள்ளைச் சீட்டு சோதனைச்சாவடிக்கு, மஞ்சள் சீட்டு முதலாளிக்கு. மாலையில் இரண்டையும் வைத்து வித்தியாசத்தைக் கூட்டுவது என் வேலை. முதல் மாதம் கை நடுங்கியது, ரெண்டாவது மாதம் பழகிவிட்டது. அந்த வித்தியாசத்துக்கு ராயல்டியும் இல்லை, வரியும் இல்லை. அந்த எடையில், சுரங்கங்கள் இருக்கும் சண்டூர் போகும் ரோடு எத்தனை நாள் தாங்கும்? மழைக்காலத்தில் முழங்கால் ஆழக் குழி. டீ கிளாஸை மூடாமல் வைத்தால் மேலே செம்மண் ஆடை படியும்.

கோவை, பெயர் வேண்டாம் என்றவர்: ஜனங்கள் சம்பாதித்தார்களா இல்லையா?

சம்பாதித்தார்கள். லாரி வாங்கியவன், லாட்ஜ் கட்டியவன், டயர் கடைக்காரன், நிலம் வைத்திருந்தவன். ஆனால் தனிநபர் வருமானத்தில் முன்வரிசையில் இருந்த மாவட்டம், மனித மேம்பாட்டுக் கணக்கில் மாநிலத்தின் கீழ்ப்பாதியில் கிடந்தது. ஹெலிகாப்டர் வைத்திருந்த முதலாளியின் ஊரிலேயே குடிதண்ணீர் டேங்கருக்குச் சண்டை நடக்கும்.

மதுரை: 2011ல் சுரங்கங்களுக்குப் போட்ட தடை சரியா?

சரிதான். ஆனால் இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். 2010ல் கர்நாடகக் கடற்கரையில் உள்ள பேலேகேரி துறைமுகத்தில் வனத்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த தாதுவே கப்பல் ஏறிப் போய்விட்டது, யோசித்துப் பாருங்கள்! மாநிலத்தில் ஊழலை விசாரிக்கும் லோகாயுக்தாவாக இருந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே 2011 ஜூலை 27ல் அறிக்கை கொடுத்தார். இரண்டே நாளில் உச்ச நீதிமன்றம் பெல்லாரிச் சுரங்கங்களை நிறுத்தியது. முதல்வர் எடியூரப்பாவும் பதவி விலகினார். 2013 ஏப்ரலில் சுரங்கக் குத்தகைகளை மீறலின் அளவைப் பார்த்து ஏ, பி, சி என்று பிரித்து, எல்லை மீறலில் மோசமான 51 சி வகைக் குத்தகைகளை ரத்து செய்தார்கள். உற்பத்திக்கு உச்சவரம்பு, விற்பனைக்கு மின் ஏலம் என்று வைத்தார்கள். மாநிலத்திலிருந்து ஏற்றுமதிக்கு மறுபடி வழி திறந்தது 2022 மே மாதத்தில்.

அடி வாங்கியது யார் என்றால், கடன் வாங்கி டிப்பர் எடுத்தவர்கள். ஒரே வாரத்தில் ரோட்டோரம் வரிசையாக வண்டிகள். டியூ கட்ட முடியாமல் ஃபைனான்ஸ்காரன் ஓட்டிப் போனவை போக, மிச்சம் துருப்பிடித்து நின்றன. பெரிய முதலாளிகளுக்கு வேறு தொழில் இருந்தது.

ராயபுரம்: எங்கள் பக்கம் சிவப்புத் தூசி வந்ததே, அதுவும் பெல்லாரி மண்தானா?

ஆமாம். ரயிலேறி சென்னைத் துறைமுகம் வந்த தாதுதான். நிலக்கரியோடு சேர்த்து அதற்கும் 2011ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது.

ஓசூர்: இப்போது ஏதாவது மாறியிருக்கிறதா?

ராயல்டி 2014 முதல் விலையில் 15 சதவீதம். 2015 சட்டத் திருத்தத்தில் மாவட்ட கனிம அறக்கட்டளை வந்தது. பழைய குத்தகைக்காரர் ராயல்டியில் 30 சதவீதமும், ஏலத்தில் எடுத்தவர் 10 சதவீதமும் அதற்குத் தர வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே உள்ள பணம் அது. என் காலத்தில் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் என்று நினைப்பதுண்டு. ஒரு சிக்கல்: 2021ல் மாவட்டத்தைப் பிரித்ததில் ஹோஸ்பேட் விஜயநகர மாவட்டத்துக்குப் போனது, சண்டூர் பெல்லாரியிலேயே நின்றது. தாது ஒரு மாவட்டத்தில், அதை ஏற்றிப் போகும் லாரியின் தூசி இரண்டிலும்.

அதே ஓசூர்க்காரர்: உங்கள் யார்டு?

மூடிவிட்டார்கள். கடைசியாகப் போனபோது எடை மேடையின் மேல் யாரோ மிளகாய் காயப் போட்டிருந்தார்கள்.