விலை குறைந்த அட்ஜஸ்டபிள் ரேசர்: எதைப் பார்த்து வாங்குவது, எந்த பிளேடைப் பூட்டுவது?

கேள்வி: பல பிளேடுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் ரேசரைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தாடையில் முடி முரடு என்பதால் அழுத்திச் சவரம் செய்கிறேன். கழுத்திலோ ஒவ்வொரு முறையும் சிவந்த பருக்கள் வந்துவிடுகின்றன. எண் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள அட்ஜஸ்டபிள் சேஃப்டி ரேசரைக் குறைந்த செலவில் வாங்க நினைக்கிறேன். எந்த வகை நல்லது? எந்த பிளேடு பொருந்தும்? வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பதால், தீர்ந்த பிளேடுகளை என்ன செய்வது?

பதில்: தாடைக்கு ஓர் அளவும் கழுத்துக்கு வேறோர் அளவும் தேவைப்படுகிறது என்பதுதான் உங்கள் சிக்கல், அட்ஜஸ்டபிள் ரேசர் உருவானதே அதற்காகத்தான். பிளேடின் கூர்முனைக்கும் அதன் கீழே ஓடும் பாதுகாப்பு விளிம்புக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. ரேசரின் கழுத்துப் பகுதியிலுள்ள வளையத்தையோ அடியிலுள்ள திருகையோ சுழற்றும்போது அந்த இடைவெளி விரிகிறது அல்லது சுருங்குகிறது. இடைவெளி விரிந்தால் பிளேடு தோலின் மேல் அதிகம் படும், ஒரே இழுப்பில் நிறைய முடியை எடுக்கும், கை தவறினால் கீறலும் ஆழமாக விழும். ஜில்லெட் நிறுவனம் 1958-இல் வெளியிட்ட, ‘ஃபேட்பாய்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற மாடலிலேயே 1 முதல் 9 வரை எண்கள் இருந்தன. இன்று விற்கும் இருமுனை பிளேடு அதிலும் பொருந்தும். ரேசர் எதுவானாலும் பிளேடைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடமே இருக்கிறது என்பது இந்த முறையின் பெரிய வசதி.

எண்களை வைத்து இரண்டு ரேசர்களை ஒப்பிட வேண்டாம். மெர்க்கர் ஃபியூச்சரில் 1 முதல் 6 வரையும், மெர்க்கர் புரோகிரஸிலும் பார்க்கர் வேரியன்ட்டிலும் 1 முதல் 5 வரையும் எண்கள் உண்டு; ஆனால் எண் என்பது அந்தந்த ரேசருக்குள் மட்டும் பொருள்படும் அடையாளமே. ஃபியூச்சர் வகையின் 1-ஆம் எண், மென்மையான வேறொரு ரேசரின் நடு எண்ணைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். கழுத்தில் பருக்கள் வருகிறவருக்குக் குறைந்தபட்ச எண் எவ்வளவு மென்மையானது என்பதே முதல் கேள்வி. உச்ச எண் எவ்வளவு கடுமையானது என்பதைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையே இல்லை.

குறைந்த விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஃபியூச்சரின் வடிவத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை. கையில் கனமாக நிற்கும், அழுத்தாமலேயே வெட்டும். ஆனால் தலை பெரிது, மூக்கின் கீழே நுழையாது. மேல்மூடி திருகாமல், அழுத்திப் பொருத்தி இழுத்துக் கழற்றும் அமைப்புடையது. சோப்பு நுரை ஒட்டிய விரலால் அதை இழுத்தபோது மூடி சட்டென்று விடுபட்டு, எனது கட்டைவிரல் பிளேடின் முனையில் பட்ட அனுபவம் எனக்கு உண்டு. அதன் பிறகு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கூர்முனை இல்லாத குறுகிய பக்கங்களை மட்டுமே பிடித்துக் கழற்றுகிறேன். புரோகிரஸ், வேரியன்ட் போன்ற சிறிய தலை கொண்ட ரேசர்கள் விலை சற்றுக் கூடுதலானாலும் உங்கள் முகத்துக்கு அவையே ஏற்றவை. வளையத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ராக்வெல் 6சி போன்ற மாற்றுவழியும் உண்டு: பிளேடின் கீழே பொருத்தும் மூன்று அடித்தட்டுகள், அவற்றின் இருபுறமும் சேர்த்து ஆறு அளவுகள். நகரும் உறுப்பு இல்லாததால் பழுதாக எதுவும் இல்லை. ஆனால் சவரத்தின் நடுவே அளவை எளிதில் மாற்ற முடியாது என்பதால், உங்கள் தேவைக்கு இது பாதிதான் உதவும்.

மலிவான ரேசரில் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, பிளேடு நேராக உட்காருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாங்கிய அன்றே பிளேடைப் பூட்டி, தலையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, விளக்கொளிக்கு எதிரே பிடியுங்கள். பிளேடுக்கும் விளிம்புக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கோடு, இடது முனையிலிருந்து வலது முனைவரை ஒரே தடிமனில் இருக்க வேண்டும்; பிறகு திருப்பி மறுபக்கத்தையும் பாருங்கள். ஒரு முனையில் கோடு அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் இருந்தால், மூடியைத் தளர்த்தி, பிளேடை மெல்ல நகர்த்தி மீண்டும் இறுக்கிப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோணலான பிளேடு ஒருபக்கம் மென்மையாகவும் மறுபக்கம் அரிவாள் போலவும் நடந்துகொள்ளும், அதை எந்த எண்ணாலும் சரிக்கட்ட முடியாது. இந்த விலையில் உடல் பெரும்பாலும் குரோமியம் பூசிய துத்தநாகக் கலவையாக இருக்கும். பூச்சு பெயர்ந்த இடத்தில் உலோகம் அரிக்கத் தொடங்கும் என்பதால், ஈரத்தோடு மூடி வைக்காமல் உதறி உலரவிடுங்கள்.

இனி பிளேடு. என் கருத்தில் ரேசரைவிட இதுவே முக்கியமானது. ஃபெதர் மிகக் கூரானது என்று பெயர் பெற்றது. டெர்பி மென்மையானது, ஆனால் முரட்டு முடியைப் பிடித்து இழுக்கக்கூடும். ஆஸ்ட்ரா சுப்பீரியர் பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவே நிற்பதால் உங்களுக்கு நல்ல தொடக்கம். தோல் மென்மை என்பதற்காக மழுங்கலான பிளேடைத் தேடுவது பலரும் செய்யும் பிழை. வெட்டாத பிளேடை நாம் அழுத்துகிறோம், எண்ணை ஏற்றுகிறோம், அதே இடத்தில் மீண்டும் இழுக்கிறோம். கழுத்து சிவப்பது அதனால்தான். நன்கு வெட்டும் பிளேடும் குறைந்த எண்ணும் சேர்ந்த இணைதான் உங்களுக்குத் தேவை. தலைமுடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினமான எஃகு ஏன் முடியிடம் தோற்கிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியில் பார்த்தார்கள்: முனை சீராகத் தேய்ந்து மழுங்குவதைவிட, முடி வளைந்து மோதும் இடங்களில் துணுக்குத் துணுக்காக உடைகிறது. அந்த உடைவு கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். ஆகவே எத்தனை சவரம் என்று கணக்கு வைக்காமல், இழுப்பது போன்ற உணர்வு வந்த அன்றே பிளேடை மாற்றிவிடுங்கள். பலருக்கு அது நான்கைந்து சவரங்களில் வந்துவிடும்.

முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரே பிளேடு வகையை வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, நுரையைப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, 1-ஆம் எண்ணில், முடி வளரும் திசையிலேயே முகம் முழுவதும் ஒருமுறை மழியுங்கள். பிளேடு தோலில் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் படும்படி கைப்பிடியைப் பிடித்து, ரேசரின் எடையே வேலை செய்யும்படி விடுங்கள். கார்ட்ரிட்ஜில் பழகிய அழுத்தத்தை விடுவதுதான் கடினம். தாடைக்கு மட்டும் ஓர் எண் கூட்டி இரண்டாவது முறை செல்லலாம். கழுத்தில் எதிர்த்திசை மழிப்பும் தோலை இழுத்துப் பிடிப்பதும் கூடாது: தோலுக்கு அடியில் வெட்டுப்பட்ட முடி உள்நோக்கி வளர்வதே பெரும்பாலும் அந்தப் பருக்களுக்குக் காரணம். ஆறு வாரங்கள் கழிந்தும் பருக்கள் குறையாமலோ சீழ் கட்டியோ இருந்தால், அடுத்த ரேசரைத் தேடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

தீர்ந்த பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள்; ஈரக் காகிதத்தை அது எளிதில் கிழித்து வெளியே வரும், குப்பை அள்ளுபவரின் கையும் கிழியும். பல பிளேடு டப்பாக்களின் அடியில் பழைய பிளேடுக்கென்றே ஒரு பிளவு இருக்கும். இல்லையென்றால், மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தகர டப்பாவில் பிளேடு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு கீறல் வெட்டி, மூடியை ஒட்டிவிட்டு, குழந்தைகளின் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். நிறைந்ததும் கீறலையும் நாடாவால் அடைத்து, ‘பிளேடு’ என்று மேலே எழுதி அப்புறப்படுத்தலாம். வாரம் இரண்டு பிளேடு என்றாலும் அது நிறையப் பல ஆண்டுகள் ஆகும்.